மைக்கில் சொன்ன சொல்

என் ஆட்டோவில் இப்போது பேசுவது ஒரு பென் டிரைவ். ஜவுளிக்கடைக்காரர்கள் வெளியூரில் யாரையோ பேச வைத்து விளம்பரத்தைப் பதிந்து கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பாட்டு, அப்புறம் ஒரு பெண் குரல், மறுபடியும் பாட்டு. நான் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மெதுவாக ஓட்டினால் போதும். அந்தக் குரலுக்கு இருமல் வராது. குறுக்கே மாடு வந்து நின்றால் பேச்சை நிறுத்திவிட்டு, "நீ போம்மா மொதல்ல" என்று சொல்லத் தெரியாது. தறிச் சத்தம் அதிகமாக இருக்கும் தெருவில் கொஞ்சம் உயர்த்திப் பேச வேண்டும், சாவு வீட்டைத் தாண்டும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சாவு வீடு வந்தால் நான்தான் கையை நீட்டி அணைக்கிறேன்.

மைக்கு அக்கா இருந்தவரை என் கைக்கு அந்த வேலை இல்லை.

ஆரணியில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லியான உடம்பு. அதற்குள்ளிருந்து அப்படி ஒரு குரல் வருவதைப் புதிதாகக் கேட்பவர்கள் ஆட்டோவுக்குள் குனிந்து பார்ப்பார்கள். சர்ச்சுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தார். ஞாயிறு காலையில் அங்கே பாடுவார். மற்ற நாட்களில் என் ஆட்டோவின் பின் சீட்டு. சுக்கு போட்ட வெந்நீர் பாட்டில் ஒன்றைக் காலுக்கடியில் வைத்துக்கொள்வார். மைக்கை வாயோடு ஒட்டாமல் தாடைக்குக் கீழே பிடிப்பார். கத்துவது போல இருக்காது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்வது போல இருக்கும்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. பெண் பார்க்கப் போன வீட்டில் என்னை என்னவோ கேட்டார்கள். நான் காப்பி தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விஷயம் அதோடு முடிந்தது. அதனால் இந்த ஆட்டோ வேலை எனக்குப் பொருந்திப் போனது. ஊர் முழுக்க என் வண்டியிலிருந்து பேச்சு கேட்கும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் எப்படிப் பிழைத்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். மைக்கில் பொய் சொல்ல மாட்டார்.

ஒரு தடவை ஒரு பட்டுக்கடைக்காரர், பாதி விலைக்குப் பட்டுப்புடவை என்று எழுதிக் கொடுத்தார். அக்கா கடைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினார். மார்க்கெட் தெருவில் அப்படியே படித்தார். படித்து முடித்ததும், "எல்லா பொடவையும் இல்லீங்க. கடைசி ரேக்குல கீறது மட்டும். அதுலயும் பட்டு பாதிதான், பாத்து வாங்கிக்கோங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

கடைக்காரர் பைக்கில் துரத்திக்கொண்டு வந்தார். "யம்மா, நீ எனக்கு விளம்பரம் பண்றியா, எதிர்க்கடைக்காரனுக்குப் பண்றியா?"

"கூட்டம் வருதா இல்லியா, அத்த பாருங்க" என்றார் அக்கா.

கூட்டம் வந்தது. கடைசி ரேக் காலியானது. அவர் அடுத்த தடவை வேறு ஆளை வைத்துக்கொண்டார். கூட்டம் வரவில்லை. அதற்கடுத்த தடவை திட்டிக்கொண்டே அக்காவிடம் வந்தார். இப்படித்தான் ஓடியது.

சாவுச் செய்தி இன்னும் கஷ்டம். இறந்து போனவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் "அனைவரிடமும் அன்பாகப் பழகியவர்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பெரியவர் செத்துப் போனார். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. நாங்கள் அங்கே போனபோது அக்கா ஷாமியானாவுக்குள் போகாமல் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம், இங்கே போய் என்ன கேட்கிறாரோ என்று. திரும்பி வந்து மைக்கை எடுத்து, "பேரப் புள்ளைங்கள தோள்ல தூக்கிகினு தெனமும் ரயில்வே கேட்டு வரைக்கும் நடந்தவரு, இன்னிக்கு தவறிட்டாரு" என்று சொன்னார். அந்த வீட்டு மருமகள் வாசலில் நின்று அழுதாள். அதுவரை அவள் அழவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

ஏன் இப்படி என்று நான் ஒரே ஒரு முறை கேட்டேன். அவர் வெந்நீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நேர்ல பேசினா எதிராளி திருப்பிக் கேப்பான், அப்பிடியா, எங்க கீது, யாரு பாத்தான்னு. மைக்குல சொன்னா அவனால கேக்க முடியாதுப்பா. படுத்த படுக்கையா கீறவங்க, அடுப்பாண்ட கீறவங்க, தறியில கீறவங்க எல்லாரும் கேட்டுக்க மட்டுந்தான் முடியும். திருப்பிக் கேக்க முடியாதவங்ககிட்ட எப்பிடி பொய் சொல்றது?"

அந்தப் பழக்கம்தான் எங்களைப் பவுண்டுக்குக் கொண்டு போனது.

ஊருக்கு வெளியே, குப்பை கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய மாட்டுப் பவுண்டு உண்டு. பயிர் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைப்பதற்காக அந்தக் காலத்தில் கட்டியது. மாடு வருவது நின்றபிறகு தெருநாய்களைப் பிடித்துப் போட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தது. அவர் ஒரு நாள் அக்காவிடம் காகிதம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். தெருவில் திரியும் நாய்களைப் பிடிக்கப் போகிறோம், வீட்டு நாய்களைக் கட்டி வையுங்கள், பிடிபடும் நாய்கள் பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் என்று அதில் இருந்தது.

அக்கா அதைப் படித்துவிட்டு மடித்தார். "தம்பி, வண்டிய பவுண்டுக்கு வுடு."

"எதுக்குக்கா? தெருவுலதான சொல்லணும்?"

"பாதுகாப்பான்னு போட்டுகீது. பாத்தாத்தான சொல்ல முடியும்?"

பவுண்டு கேட்டில் காவல்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னாமே, நாய் பாக்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?"

"ரெண்டுக்கும் ஒரே கேள்விதான். வேளைக்கு சோறு போடறாங்களா, நெழல் கீதான்னு பாக்கணும். கேட்ட தொற."

உள்ளே தகரக் கூரை பாதிதான் இருந்தது. மீதிப் பாதியில் வெயில் நேராக இறங்கியது. ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்து கிடந்தது. நாய்கள் குரைக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவை குரைக்கவில்லை, எழுந்து எங்கள் கைகளைப் பார்த்தன. தெருநாய்கள் என்று சொன்னார்கள், ஆனால் பாதி நாய்களுக்குக் கழுத்தில் பட்டை இருந்தது. தறியை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனவர்கள், வாடகை வீடு மாறினவர்கள், வயசான நாய் வேண்டாம் என்று கதவைச் சாத்தினவர்கள் விட்டுவிட்டுப் போனவை. ஒரு மூலையில் சடை சடையாக முடி வைத்த வெள்ளை நாய் ஒன்று படுத்திருந்தது. பணக்கார வீடுகளில் வளர்ப்பார்களே, அந்த ஜாதி. முடியெல்லாம் கயிறு மாதிரி திரிந்திருந்தது. வெளியே எந்த ஆட்டோ போனாலும் அது எழுந்து நின்றது. சத்தம் போனதும் படுத்துக்கொண்டது. அதன் வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏறித்தான் போயிருக்க வேண்டும்.

அக்கா அதன் அருகில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை காகிதத்தில் இருந்ததை எல்லாத் தெருவிலும் படித்தார். கடைசி வரி வந்ததும் நிறுத்தினார். "பாதுகாப்பா பாத்துக்குவோம்னு எழுதி கீதுங்க. நான் போய் பாத்தேன். இப்போதிக்கு தண்ணி இல்ல, கூரை பாதி இல்ல. அதனால உங்க நாய கட்டி வைங்க. ஏற்கெனவே தொலைச்சவங்க போய்ப் பாருங்க, அங்க கீதா இன்னான்னு. உங்கள்து இல்லன்னாலும் ஒரு கொடம் தண்ணி எடுத்துகினு போங்க."

நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, கான்ட்ராக்டர் எந்தச் சந்திலிருந்து வருவாரோ என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மறுநாள் பவுண்டு வாசலில் ஜனம். சிலர் தங்கள் நாயைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் தென்னங்கீற்று கொண்டு வந்து கூரையின் மீதிப் பாதியை மூடினார். சாயப்பட்டறைக்காரர் ஒருவர், பட்டறையில் சும்மா கிடந்த ஒரு சிமென்ட் தொட்டியை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார். அதைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தோம். காவல்காரர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா நேராகப் பவுண்டுக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு நாயாகப் பார்த்துப் பேசிப் பழகிவிட்டு, தெருத் தெருவாகப் போய் மைக்கில் அதற்கு வீடு தேடுவார். அதிலும் அதே பழக்கம்தான்.

"கறுப்பு நாய் ஒண்ணு கீதுங்க. பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும். ராத்திரில காரணம் இல்லாமயே கொலைக்கும், தூக்கம் போவும். ஆனா கொழந்த மேல ஏறி ஒக்காந்தாலும் ஒண்ணும் பண்ணாது."

டீக்கடையில் ஒருவன் கத்துவான்: "எங்க மாமியாரும் அதே மாதிரிதாங்க்கா. அத்த எடுத்துக்கினு இத்த குடுக்கறீங்களா?"

"உங்க மாமியாரு காலு இழுக்கலியே" என்று அக்கா மைக்கிலேயே பதில் சொல்வார். தெரு முழுக்கச் சிரிக்கும். மறுநாள் அந்தக் கறுப்பு நாயை யாராவது வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கால் இழுக்கும் என்று தெரிந்தே வந்தவர்கள், திருப்பிக் கொண்டு வந்து விட்டதில்லை.

கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. பவுண்டு நாய்களின் வாயெல்லாம் சிவந்துவிட்டது. மூக்கு, தாடை, முன்காலில் சொட்டு விழுந்த இடம் எல்லாம் அரக்கு நிறம். பவுண்டில் ஏதோ ஒட்டுவாரொட்டி நோய் வந்துவிட்டது என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. நாய் கேட்டு வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். விஷயம் வேறு ஒன்றுமில்லை. அந்தச் சிமென்ட் தொட்டி பல வருஷம் அரக்குப் பட்டு நூலை அலசிய தொட்டி. மேலே எத்தனை தேய்த்தாலும் உள்ளே இறங்கிய சாயம், தண்ணீர் ஊற ஊற வெளியே வந்துகொண்டே இருந்தது. வேறு ஊராக இருந்தால் தண்ணீர் சிவந்த அன்றைக்கே யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் சிவந்த தண்ணீரும் சிவந்த கையும் தினமும் பார்ப்பது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம், யாருக்கும் உறைக்கவில்லை.

கால்நடை டாக்டர் வந்து பார்த்து, நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தொட்டியை இப்போதே தூக்குங்கள் என்று சத்தம் போட்டார். தூக்கிவிட்டு வேறு வைத்தோம். அக்கா அன்றைக்கே மைக்கில் சொன்னார்: "நோய் இல்லீங்க. எங்க தப்புதான். சாயத் தொட்டியில தண்ணி வச்சிட்டோம். முடி கொட்டி வேற முடி வர வரைக்கும் செவப்பாத்தான் இருக்கும்."

"பட்டு கலர்ல நாய், ஆரணி ஸ்பெஷல்!" என்று பையன்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

சடை நாய்க்குத்தான் நிறம் அதிகமாகப் பிடித்திருந்தது. வெள்ளை முடி ஆயிற்றே. வெற்றிலை போட்ட கிழவி மாதிரி இருந்தது. அதற்கு மட்டும் அக்கா இன்னும் வீடு தேடவில்லை. "அதும் வூட்டுக்காரங்க வருவாங்களான்னு கொஞ்சம் பாப்போம்பா" என்பார். தானே கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், அறையை வாடகைக்கு விட்டவர் நாயைப் படி ஏற்ற மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பவுண்டு காலி. தரையெல்லாம் கழுவி விட்டிருந்தது. அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார்.

காவல்காரர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாத்துக்கும் எடம் கெடச்சிடுச்சி. போளூர் பக்கம் தோட்டத்துக்காரங்க வந்து வாங்கிகினு பூட்டாங்க."

"எல்லாத்தையுமா? சடை நாயையும் தோட்டக் காவலுக்கா?"

"எனக்கு இன்னா தெரியும். கான்ட்ராக்டர் சொன்னாரு."

அக்கா அன்றைக்கு மைக்கை எடுக்கவில்லை. தெரியாததைச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போதெல்லாம் போளூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தவாசலிலிருந்து கூடையில் பூ கொண்டு வந்து விற்கும் பெண் ஒருத்தி உண்டு. கேட்டதும் அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, அதுங்க உங்க ஊரு நாய்ங்களாக்கா? எங்க மலையடில கூட்டமா சுத்திகினு கீதுங்க. வாயெல்லாம் செவப்பு. ரத்தம் குடிக்கற நாயின்னு எங்க ஆளுங்க கல்லால அடிச்சி தொரத்தறாங்க."

நாங்கள் உடனே போனோம். மலையடியில், ரோட்டை விட்டுத் தள்ளி, புதருக்குள் அவை இருந்தன. சில நாய்கள் அக்கா குரலைக் கேட்டதும் ஓடி வந்தன. சில தூரத்திலேயே நின்றுகொண்டன, கல்லடி பட்டவை. எல்லா வாயிலும் எங்கள் ஊர்ச் சாயம். வீட்டில் வைத்த சோற்றைத் தின்று வளர்ந்த நாய்களுக்குக் காட்டில் என்ன தெரியும்? அக்கா அங்கிருந்த ஒரு பாறை மேல் ஏறி நின்று, மைக் இல்லாமல், சடை நாயைக் கூப்பிட்டார். அதற்குப் பெயர் வைக்கவில்லை. அதனால் "வாம்மா, வாம்மா" என்றுதான் கூப்பிட்டார். குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அது வரவில்லை.

ஆட்டோவில் எத்தனை நாயை ஏற்ற முடியும்? ஒன்றையும் ஏற்றாமல் திரும்பினோம். ஊருக்குள் நுழைந்ததும் மைக்கைக் கேட்டார். "பவுண்டு நாய்ங்கள யாருக்கும் குடுக்கலீங்க. சந்தவாசல் மலையடில கொண்டு போய் தள்ளி இருக்காங்க. நான் இப்ப பாத்துட்டு வரேன். வாய் செவந்த நாய்ங்க, நம்ம தொட்டியில தண்ணி குடிச்ச நாய்ங்க." அது ஒன்றுதான் சொன்னார். அதையே எல்லாத் தெருவிலும் சொன்னார்.

கான்ட்ராக்டர் ஆள் அனுப்பி மிரட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவரே வந்தார். அக்காவின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பருத்த மனிதர், முகம் வாடியிருந்தது.

"யம்மா, நான் செஞ்சது தப்புதான். எடம் பத்தல, ஆள் இல்ல, இன்னா பண்றதுன்னு தெரியல. ஆனா நீ மைக்குல போட்டுட்ட. என் பொண்ணுக்கு பேசி முடிச்ச எடம். மாப்ள வூட்டுக்காரங்க இதே ஊருதான், காதுல கேட்டுட்டாங்க. வாயில்லா ஜீவன காட்டுல தள்ளினவன் வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்னுட்டாங்க. பொண்ணு மூணு வேளையும் சாப்புடாம படுத்துகினு கீது."

அக்கா ஒரு தம்ளரில் வெந்நீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தார்.

"நீ கேக்கற எல்லாம் செய்யறேன். நாய்ங்கள நானே திருப்பிக் கொண்டாரேன். கூரை, தண்ணி, டாக்டரு, எல்லாம். ஞாயித்துக்கெழம கேட்ட தொறந்து வுடறேன், யாரு வேணா வந்து பாக்கட்டும். புடிச்ச நாய ஊசி போட்டு அதே தெருவுல வுடறேன். நீ ஒரு வார்த்த, அப்பிடி நடக்கல, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிடு. நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீ சொன்னா நம்புவாங்க."

"சொல்லலன்னா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லலன்னா நான் இத்த வுட்டுட்டுப் போவேன். அடுத்து வரவன் எப்பிடியோ."

அவர் போனபிறகு அக்கா என்னைப் பார்த்தார். "நீ இன்னாப்பா சொல்ற?"

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "நாய்ங்க பாவம்க்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"பாவம்தான்" என்றார்.

மறுநாள் கான்ட்ராக்டரைப் பார்த்து அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மொதல்ல நாய்ங்க வரட்டும். கூரை வரட்டும். கேட்டு தொறக்கட்டும். நான் கண்ணால பாத்துட்டு, அப்பறம் வந்து பொய் சொல்றேன்."

கான்ட்ராக்டருக்குச் சங்கடமாகப் போயிற்று. "பொய்யின்னு ஏம்மா சொல்ற? சமாதானம்னு சொல்லேன்."

"சமாதானம்னு சொன்னா அது ரெண்டாவது பொய். ஒண்ணுதான் பேசிகினோம்."

மனிதர் சொன்னபடி செய்தார். அதை நான் மறைக்கக் கூடாது. வண்டி வைத்து மலையடிக்குப் போய், கிடைத்த நாய்களையெல்லாம் ஏற்றி வந்தார். முழுக் கூரை போட்டார். வெயில் படாத பக்கம் தண்ணீர்த் தொட்டி கட்டினார். நோய் நாய்க்குத் தனி அறை. கேட்டில் பூட்டு போடுவது நின்றது. காவல்காரருக்கே ஒரு நாய் பழகிவிட்டது, நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். சடை நாய் மட்டும் கிடைக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். தொட்டித் தண்ணீரில் கையை விட்டு முகர்ந்து பார்த்தார். "சரி. வா, போலாம்" என்றார்.

அன்றைக்கு என்னை ரொம்ப மெதுவாக ஓட்டச் சொன்னார். மைக்கைத் தாடைக்குக் கீழே பிடித்தார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"மலையடில நாய்ங்கள தள்ளிட்டாங்கன்னு நான் முந்தி சொன்னது தப்புங்க. அப்பிடி ஒண்ணும் நடக்கல. நான் சரியா பாக்கல."

யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். காசு வாங்கித் தின்றுவிட்டாயா என்று யாராவது கேட்பார்கள், அக்கா அதைத் தாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. தறியிலிருந்து எழுந்து வந்து ஜன்னலில் நின்றவர்கள் தலையாட்டிக்கொண்டார்கள். சாயப்பட்டறைக்காரர் சிவந்த கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "அப்பாடா, நல்ல சேதிம்மா. மனசே சரியில்லாம கீந்தது" என்றார்.

பஸ் ஸ்டாண்டு அருகே பூக்காரப் பெண் கூடையோடு நின்றிருந்தாள். முதலில் சொன்னதே அவள்தான். அவளைப் பார்த்ததும் அக்கா பேச்சை நிறுத்தினார். அவள் ஆட்டோவருகில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க்கா தப்பா பாத்துட்டேன்போல. வேற ஊரு நாயிங்களா இருக்கும். சொல்லி உங்கள பேஜார்ல மாட்டி வுட்டுட்டேன், மன்னிச்சிக்கோங்க."

"நீ கண்ணால பாத்தியே" என்றார் அக்கா.

"என் கண்ணு கெடக்குது. நீங்களே இல்லன்றீங்க, அப்பறம் இன்னா?"

அவள் ஒரு முழம் மல்லியை அறுத்து அக்கா மடியில் போட்டுவிட்டுப் போனாள். அக்கா அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. மைக் ஒயரைக் கையில் சுற்றினார். சுற்றி முடித்து அதை என் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவ்ளோதாம்பா. இனிமே வாணாம்."

"ஒரே ஒரு தடவதானக்கா. நல்லதுக்குத்தான" என்றேன். எனக்கு அது பெரிய பேச்சு.

"நல்லதுக்குத்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் பொண்ணு தன் கண்ண வுட்டுட்டு என் வாய நம்பிட்டா பாரு. இந்த வாய வச்சிகினு இனிமே எப்பிடி தெருவுல வரது? இது கெட்டுப்போச்சு."

கான்ட்ராக்டர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அக்கா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கடைக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், தொண்டை சரியில்லை என்று கூடச் சொல்லாமல், "வரலீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு அவர்கள் பென் டிரைவுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்னோடு பவுண்டுக்கு வருவார். நாய் வேண்டி வருபவர்களிடம் பேசுவதைக் காவல்காரரிடம் விட்டுவிட்டு, தரையைக் கூட்டிக்கொண்டிருப்பார். காவல்காரர், "இது தங்கமான நாய், சத்தமே போடாது" என்று அளப்பார். அக்கா விளக்குமாற்றை நிறுத்திவிட்டு ஒரு கணம் நிற்பார். அப்புறம் கூட்டுவார்.

திருப்பூரில் அவருடைய தங்கை மகள் இருந்தாள். குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கூப்பிட்டாள். இங்கே வாடகைக்கும் வழி இல்லாமல் போயிருந்தது. ஒரு மத்தியானம் நான்தான் சாமான்களை ஏற்றி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு போனேன். இரண்டு பை, ஒரு பாத்திர மூட்டை, பைபிள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்கார வைத்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் ஏதாவது செய்ய இருக்கிறதா என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை.

அத்தனை வருஷத்தில், வண்டி போகும் வழியைத் தவிர, நான் அவரைக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், ஏன் இப்படி என்று. அன்றைக்கு இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்.

"எப்பக்கா வருவீங்க?"

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஏதோ சொல்ல வாய் எடுத்தார், மூடிக்கொண்டார். மறுபடி எடுத்தார்.

"வர மாட்டேன்பா. வருவேன்னு தோணல. நீ அதயே நெனச்சிகினு இருக்காத."

கண்டக்டர் விசில் அடித்தார். நான் இறங்கினேன்.

வேறு யாராக இருந்தாலும் பொங்கலுக்கு வருகிறேன், குழந்தை நடக்க ஆரம்பித்ததும் வருகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கும் அது போதுமாக இருந்திருக்கும். போளூர் பஸ், வேலூர் பஸ் என்று எது வந்து நின்றாலும் எட்டிப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அந்த ஒரு சின்னப் பொய்யைச் சொல்ல அக்கா முயன்றார். அவருக்கு வரவில்லை.

பஸ் பின்னுக்கு வந்து திரும்பும்போதுதான் எனக்கு அது உறைத்தது. வாய் கெட்டுப்போகவே இல்லை. அவர்தான் அப்படி நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறார். நான் ஜன்னல் பக்கமாக ஓடினேன். "அக்கா, கெடலக்கா! உங்க வாய் கெடல!" என்று சொன்னேன். சுற்றிலும் ஹாரன், டைம் கீப்பர் மைக், பழம் விற்பவர்கள் சத்தம். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் இன்னொரு தடவை சொன்னேன்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இன்னாப்பா? கேக்கல!" என்றார்.

அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.